அமெரிக்க அதிபரைப் பற்றி நாம் வழக்கமாகத் தப்பாக எடுத்துக்கொள்ளும் சில விஷயங்கள்

நான்கு வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில் ஒரு புதன்கிழமை காலை, நம் வீட்டு டி.வி.யில் அமெரிக்க வரைபடம் சிவப்பும் நீலமுமாக நிறைய ஆரம்பிக்கும். அங்கே செவ்வாய் இரவு, நமக்குக் காபி நேரம். நடுவில் பெரிய பெரிய மாநிலங்களெல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, "குடியரசுக் கட்சி அள்ளிட்டாங்க போல" என்று யாராவது சொல்வார்கள். வரைபடத்தைப் பார்த்து அப்படி முடிவு கட்டக்கூடாது. வயோமிங் மாநிலம் பரப்பளவில் கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு. மக்கள் தொகையோ 6 லட்சத்துக்கும் கீழே. அதிபர் தேர்தலில் அதற்கு 3 வாக்குகள்தான். பரப்பளவில் வயோமிங்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத, நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற நியூஜெர்சிக்கு 14.

அந்த 3, 14 எல்லாம் எங்கிருந்து வருகின்றன? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அமெரிக்க அதிபர் தேர்தல் என்று ஒரே ஒரு தேர்தல் கிடையாது. 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக நடத்தும் 51 தேர்தல்கள் அவை. மக்கள் போடும் ஓட்டு, கடைசியில் அதிபருக்கு வாக்களிக்கப்போகும் 'தேர்வாளர்கள்' யார் என்பதைத்தான் முடிவு செய்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளில், பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடமோ அத்தனை பேர், செனட் இடங்கள் கணக்கில் 2 பேர்: இதுதான் அதன் தேர்வாளர் எண்ணிக்கை. வாஷிங்டனுக்கு 3 பேர். மொத்தம் 538. பாதியைத் தாண்ட 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும், ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே மொத்தத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள்.

இது எவ்வளவு கொடூரமான கணக்கு என்று பார்க்க 2000ஆம் ஆண்டு ஃப்ளோரிடாவுக்குப் போகவேண்டும். ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாக்களித்திருந்தார்கள். பல மாவட்டங்களில் ஓட்டுச் சீட்டு என்பது ஒரு அட்டை. பிடித்த வேட்பாளருக்கு நேராக ஊசியால் குத்தி ஓட்டை போடவேண்டும். சில அட்டைகளில் ஓட்டை முழுதாக விழவில்லை, துண்டுக் காகிதம் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஓட்டாக எண்ணலாமா கூடாதா என்று அதிகாரிகள் ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் இழுத்து, உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தியபோது குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் 537 ஓட்டு முன்னிலையில் இருந்தார். அந்த 537 ஓட்டுக்காக ஃப்ளோரிடாவின் 25 தேர்வாளர்களும் அவருக்கு. மொத்தம் 271, அவரே அதிபர். நாடு முழுக்க எண்ணினால் அவரை எதிர்த்து நின்ற அல் கோருக்கு 5 லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்குகள்! 2016இல் ஹிலாரி கிளின்டனுக்கு 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாகக் கிடைத்தும் தோற்றார். ஆகவே "தேசிய அளவில் 2 சதவீதம் முன்னிலை" என்ற கருத்துக்கணிப்பை நம்பிப் பந்தயம் கட்டிவிடாதீர்கள். எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்கள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

இந்தத் தேர்வாளர் குழுவுக்கு ஆங்கிலத்தில் 'எலெக்டோரல் காலேஜ்' என்று பெயர். அதைச் சிலர் 'தேர்தல் கல்லூரி' என்று எழுதிவிடுகிறார்கள். வகுப்பறையும் இல்லை, ஹாஸ்டலும் இல்லை. அந்த 538 பேரும் ஒரே இடத்தில் கூடுவதுகூட இல்லை. டிசம்பரில் அவரவர் மாநிலத்திலேயே வாக்களித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நம் ஊரில் குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுப்பதால், அங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் தேர்வாளராக இருக்கவே கூடாது.

சரி, ஜெயித்துவிட்டார். இனி அவர் வைத்ததுதான் சட்டமா? பிரதமரை மனதில் வைத்துக்கொண்டு அதிபரைப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. நம் பிரதமருக்கு மக்களவையில் பெரும்பான்மை இருக்கும், அது போனால் ஆட்சியும் போகும். அங்கே இரண்டுக்கும் முடிச்சே கிடையாது. காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், முழுக்க எதிர்க்கட்சி கையில் இருந்தாலும் அதிபர் நாற்காலியில் இருப்பார். அவரால் காங்கிரஸைக் கலைக்கவும் முடியாது. அமைச்சராக வேண்டுமானால் எம்.பி. பதவியை விட்டுவிட வேண்டும். 2025இல் மார்கோ ரூபியோ செனட்டர் பதவியைத் துறந்துவிட்டுத்தான் வெளியுறவு அமைச்சரானார். பணப்பெட்டிச் சாவியும் காங்கிரஸிடம்தான். எல்லைச் சுவருக்கு டிரம்ப் கேட்ட பணத்தை அவர்கள் தர மறுத்ததில், 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாட்கள் அரசின் ஒரு பகுதி முடங்கிக் கிடந்தது.

தடிமனான பேனாவால் கையெழுத்துப் போட்டு, கேமராவுக்கு முன்னால் கோப்பைத் தூக்கிக் காட்டுவார்களே, அதைப் பார்த்துவிட்டு 'புதிய சட்டம் கொண்டுவந்தார்' என்று எழுதுவதும் தப்பு. அது நிர்வாக உத்தரவு. ஏற்கெனவே இருக்கும் சட்டத்துக்குள்தான் அது நிற்க முடியும். கொரியப் போரின்போது, 1952இல், ட்ரூமன் உருக்காலைகளை அரசு வசம் எடுக்க உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் 6-3 என்று அடித்துத் தள்ளியது. கையெழுத்தால் வந்தது கையெழுத்தாலேயே போகவும் செய்யும். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தைப் பாருங்கள்: அதில் அமெரிக்காவை ஒபாமா சேர்த்தார், டிரம்ப் விலக்கினார், பைடன் திரும்பச் சேர்த்தார், டிரம்ப் திரும்ப வந்து மறுபடி விலக்கினார். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒப்புதல் வாங்கிய உடன்படிக்கையாக இருந்திருந்தால் இப்படிப் பந்தாடியிருப்பது கஷ்டம்.

அதற்காக அதிபர் வெறும் பொம்மை என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுடையது என்று அரசியல் சாசனம் சொல்கிறது. ஆனால் காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942இல். கொரியா, வியட்நாம், இராக் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

'இம்பீச்மென்ட்' என்றதும் பதவி போய்விட்டது என்று தலைப்புப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குற்றப்பத்திரிகை மாதிரி. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் அதைத் தாக்கல் செய்யும். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன், பில் கிளின்டன், இரண்டு முறை டிரம்ப் என்று நான்கு தடவை நடந்தும் யாருக்கும் பதவி போகவில்லை. ஜான்சன் 1868இல் ஒரே ஒரு ஓட்டில் தப்பித்தார். இந்தப் பட்டியலில் நிக்சனைச் சேர்க்காதீர்கள், சபை வாக்களிக்கும் முன்பே அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

அப்புறம் துணை அதிபர். சும்மா அலங்காரப் பதவி என்பார்கள். ஆனால் செனட்டின் தலைவர் அவர்தான், ஓட்டு சமமாகும்போது முடிவு செய்வதும் அவர்தான். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ் அப்படி 33 முறை வாக்களித்தார், வேறு எந்தத் துணை அதிபரும் அத்தனை முறை வாக்களித்ததில்லை. தேர்வாளர்களின் வாக்குகளை எண்ணும் கூட்டுக்கூட்டத்துக்கும் செனட் தலைவரே தலைமை தாங்கவேண்டும். எனவே 2025 ஜனவரி 6 அன்று அந்த மேடையில் நின்று, டிரம்புக்கு 312, தனக்கு 226 என்று வாசித்தவரும் அவரேதான்.