அணிக் கட்டளை அபராதங்கள்: வாதாடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் நடக்கும் போர்முலா 1 பந்தயங்கள் பெரும்பாலும் கொழும்பு நேரம் மாலை ஆறரைக்குத் தொடங்கும். வெள்ளவத்தையில் நாங்கள் நால்வர் ஒரே வீட்டில் கூடிப் பார்ப்போம். அப்படி ஒரு ஞாயிறு, "2002இல் பெராரி அணிக்கு விழுந்த பத்து இலட்சம் டொலர் அபராதம் அணிக் கட்டளைக்காகத்தான்" என்று அடித்துச் சொன்னேன். அணிக் கட்டளை என்பது, சக ஓட்டுநருக்கு வழிவிடும்படி அணியே தன் ஓட்டுநர் ஒருவருக்குச் சொல்வது. அன்றிரவு காலி வீதியில் நால்வரின் கொத்து ரொட்டிக்கும் காசு கொடுத்தவன் நான்தான்.

நடந்தது வேறு. ஆஸ்திரியாவில் முன்னணியில் இருந்த பெராரி ஓட்டுநர் பரிகெல்லோ, அணி சொன்னபடி முடிவுக்கோட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துச் சக ஓட்டுநர் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். கூட்டம் கூச்சலிட்டது. சங்கடப்பட்ட ஷூமாக்கர், மேடையின் உச்சிப்படியில் பரிகெல்லோவை ஏற்றிவிட்டுக் கிண்ணத்தையும் அவர் கையில் கொடுத்தார். பந்தயங்களை நிர்வகிக்கும் சர்வதேச சம்மேளனம் (FIA) பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்: பரிசளிப்பு நடைமுறையை மீறிய குற்றம். வழிவிடச் சொன்னதைக் கண்டித்தார்கள். ஆனால் அதற்குத் தண்டிக்க அன்று விதி இல்லை. பத்து இலட்சத்திலும் பாதி ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. தொகையை நினைவில் வைத்துக்கொண்டு காரணத்தை நாமாக ஒட்டிவிடுவது என்னைப் போன்றவர்களின் வழக்கமான சறுக்கல்.

அணிக் கட்டளைக்குத் தடை வந்தது அதற்குப் பிறகு, 2003 பருவத்துக்கு. அதில் அகப்பட்ட பெரிய வழக்கு 2010இல் ஜெர்மனியின் ஹொக்கன்ஹைமில் நடந்தது. "பெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார். விளங்கியதா என்று சொல்" என்று பெராரியின் மசாவுக்கு, சக ஓட்டுநர் பெர்னாண்டோ அலொன்சோவைப் பற்றி வானொலியில் செய்தி போனது. மசா ஒதுங்கினார், அலொன்சோ வென்றார். மசா பந்தயத்தடத்தில் தலையில் அடிபட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது. வெற்றியைப் பறித்தார்கள் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். இல்லை. நடுவர்கள் விதித்தது ஒரு இலட்சம் டொலர் அபராதம் மட்டுமே. செப்டெம்பரில் சம்மேளனத்தின் உலகப் பேரவையும் அதையே உறுதிசெய்து, புள்ளிகளைத் தொடாமல் விட்டது. வெற்றிக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18 என்றிருந்த காலத்தில் ஏழு புள்ளிகளுக்கு அது மலிவான விலை. அப்படியும் அலொன்சோ அந்த ஆண்டுப் பட்டத்தை நான்கு புள்ளிகளால் இழந்தார்.

2011 முதல் அந்தத் தடையே இல்லை. இதை மறந்துவிட்டு, 2013 மலேசியாவில் வெட்டலுக்கு ஏன் தண்டனை இல்லை என்று கேட்பது அடுத்த தவறு. சக ஓட்டுநர் வெபரை முந்த வேண்டாம் என்ற ரெட் புல் அணியின் சொல்லை வெட்டல் மீறினார். அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான விவகாரம். பந்தய விதியை அவர் மீறவில்லை.

சிங்கப்பூர் 2008ஐ இதே பட்டியலில் சேர்க்கவே கூடாது. அங்கே ரெனோ ஓட்டுநர் பிக்கே ஜூனியர், சக ஓட்டுநருக்கு வாய்ப்புக் கிடைப்பதற்காக அணி திட்டமிட்டபடி காரை வேண்டுமென்றே சுவரில் மோதினார். அது ஏமாற்று, ஆட்களின் உயிரோடு விளையாடியது. ரெனோ அணிக்கு ஒத்திவைக்கப்பட்ட தகுதிநீக்கமும் அப்போது அதன் தலைவராக இருந்த பிரியாட்டோரேக்குக் காலவரையற்ற தடையும் 2009இல் விதிக்கப்பட்டன. ஆனால் 2010 ஜனவரியில் பிரெஞ்சு நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. "பிரியாட்டோரேக்கு ஆயுள் தடை" என்று இன்னமும் அடித்துச் சொல்பவர் எவராவது இருந்தால் வெள்ளவத்தைக்கு அனுப்பிவையுங்கள். எனக்கு ஒரு கொத்து ரொட்டிக் கணக்கு நேர்செய்ய வேண்டியிருக்கிறது.