கருப்பி ஓடியாட ஓர் அடைப்பு

காட்பாடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 40 அடிக்கு 20 அடி ஒதுக்கினேன். எங்கள் நாய் கருப்பி சிப்பிப்பாறை இனம், ஓடாவிட்டால் வாடிவிடுவாள்.

8 அடிக் கல்தூண் 12 வாங்கி, 10 அடிக்கு ஒன்றாக, 2 அடி ஆழத்தில் நட்டு, 6 அடி உயரக் கம்பிவலை கட்டுங்கள். அடிப்பக்கம்தான் முக்கியம். முதல் வாரமே மண்ணைப் பறித்து வெளியே போய்விட்டாள். தெருத்தெருவாகத் தேடியதை நினைத்தால் இன்றும் பதறுகிறது. அப்புறம் 2 அடி அகல வலையை வேலியின் அடியோடு பிணைத்து, உட்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து மண் மூடினேன். வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கம் மடக்கிவிடுங்கள். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்.

சிமென்ட் தரை வேண்டவே வேண்டாம். வேலூர் வெயிலில் பாதம் வெந்துவிடும். மண்தரை, வேப்பமர நிழல், கல்தொட்டி நிறையத் தண்ணீர் போதும். சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்குள் ஓடவிட்டு உள்ளே அழைத்துவிடுங்கள்.