தலையில் அடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் பெரியப்பா மண்டோர், அதாவது தொழிலாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது) மோட்டார் சைக்கிளில் போனவரை ஒரு லோரி உரசிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கை கால் நன்றாக இருந்தது, தையல் ஆறியிருந்தது, ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். பெரியம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார். அடுத்த மூன்று மாதம் அந்த வீட்டில் தினமும் சண்டை. அவரிடம் தெரிந்த மாற்றத்தைக் காயம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குணம் கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். மற்ற தவறுகள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன.

முதலில் ஸ்கேன். விபத்தில் மூளை குலுங்கும்போது உள்ளே இருக்கும் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகும். சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் நன்றாகக் காட்டும். இந்த மெல்லிய சேதத்தைப் பல நேரம் காட்டாது. 'ஸ்கேன் நல்லா இருக்கு' என்றால் இப்போதைக்கு ஆபத்தான கசிவு இல்லை என்று அர்த்தம். யோசிக்கும் திறனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம் இல்லை. விபத்தால் மட்டும் இது வருவதில்லை. ஸ்ட்ரோக், மூளைக்காய்ச்சல், புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ, தலைக்கு வைக்கும் கதிர்வீச்சு, எல்லாவற்றுக்குப் பிறகும் மறதியும் கவனக்குறைவும் வரலாம். 1998-ல் ஈப்போ பக்கம் தொடங்கிய, மூளைக்காய்ச்சல் தரும் நிப்பா கிருமி மலேசியாவில் 265 பேரைப் பிடித்தது, 105 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் சிலருக்கு மூளைப் பாதிப்பு தங்கிவிட்டது.

அப்புறம் 'சோம்பேறி' என்ற பட்டம். குளிக்கச் சொன்னால் பெரியப்பா 'சரி' என்பார். ஒரு மணி நேரம் கழித்தும் அதே நாற்காலியில் இருப்பார். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் ஒரு காரியத்தைத் தொடங்கவும், வரிசையாகச் செய்யவும், கோபத்தை அடக்கவும் உதவுகிறது. அங்கே அடிபட்டவருக்கு ஆசை இருந்தாலும் காரியம் தொடங்காது. 1848-ல் அமெரிக்காவின் வெர்மான்டில் ஃபினியஸ் கேஜ் என்பவர் ரயில் பாதை போடும் ஆட்களுக்கு மேலாளாக இருந்தார். நம் பேச்சில் சொன்னால் அவரும் மண்டோர்தான். பாறைக்கு வெடி வைக்கும்போது ஓர் இரும்புக் கம்பி அவருடைய கன்னத்தில் நுழைந்து உச்சி மண்டை வழியாக வெளியே பறந்தது. பிழைத்து எழுந்தார், நடந்தார், பேசினார். ஆனால் பொறுமை போய்விட்டது, வாயில் கெட்ட வார்த்தை, எடுத்த காரியம் எதிலும் நிலையில்லை. அவர் பழைய கேஜ் இல்லை என்றார்கள் பழகியவர்கள். அதே மனிதர் பிறகு சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டி வேலை பார்த்தார். தினமும் அதே வேலையைச் செய்த ஒழுங்கு அவரைத் தேற்றியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

எனக்கு அது பெரிய நம்பிக்கை. 'போய்க் குளிங்க' என்பதை விட்டுவிட்டு, 'ஏங்க, துண்டை எடுங்க' என்று பெரியம்மா ஒவ்வொரு படியாகச் சொல்ல ஆரம்பித்தார். தேநீர், குளியல், மாத்திரை, கோழிக்குத் தீனி என்று நேரம் போட்டுச் சுவரில் எழுதி ஒட்டினோம். சண்டை பாதியாகக் குறைந்தது.

மறதியில் இன்னும் மோசமாகத் தவறினோம். சின்ன வயதில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) யார் யார் குடியிருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறவர், காலையில் மாத்திரை சாப்பிட்டதை மறந்தால் நடிக்கிறார் என்றுதானே தோன்றும்? ஆனால் பழைய நினைவு தங்கியிருக்க, புதியதைப் பதிக்கும் திறன் மட்டும் கெட்டுப்போவது மிகவும் சாதாரணம். அவர் நடிக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் 'நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்' என்று சோதிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். கடுமையான மறதி உள்ளவர் தப்பாக ஊகித்தால் அந்தத் தப்பே மனதில் ஒட்டிக்கொள்ளக்கூடும். 'பெரியப்பா, நான் உங்க தம்பி மகன்' என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள்.

எனக்கு இன்றும் மனம் ஆறாத ஒன்று, ஞாபகச் சோதனை நடந்த விதம். பெரியப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். மலாயில் சந்தையில் பேரம் பேசுவார். இந்தச் சோதனையில் கேட்பதுபோல் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கத் தெரியாது. சோதனை மலாயில் நடந்தது. போதாததற்கு, பக்கத்தில் உட்கார்ந்த என் அண்ணன் பாதிக் கேள்விக்கு அவருக்குப் பதிலாகச் சொன்னான். அந்த மதிப்பெண்ணை வைத்து எதைத் தெரிந்துகொள்வது? இப்படிப்பட்ட சோதனைகளின் மதிப்பெண் மொழியையும் படிப்பையும் பொறுத்து மாறும். அதனால் எதுவரை படித்தார், எந்த மொழியில் யோசிக்கிறார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தமிழ் தெரிந்த ஊழியர் கிடைப்பாரா என்று கேளுங்கள். துணைக்குப் போகிறவர் கேள்வியை மொழிபெயர்க்கட்டும், பதிலைச் சொல்ல வேண்டாம்.

வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, உண்டு. தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். பாதிப்பை மதிப்பிடும் சொக்சோ டாக்டர்கள் குழு முன்னால் போகும்போது நம்மவர்கள் கையையும் காலையும் மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அடுப்பை அணைக்க மறந்தது, வழி தெரியாமல் நின்றது, காசைத் தொலைத்தது என எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். மறதியும் பாதிப்புதான், சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

மோட்டார் சைக்கிள் சாவியை டாக்டர் சொல்லும்வரை கொடுக்காதீர்கள். சம்சு (மலிவுச் சாராயம்), பீர் எதுவும் வேண்டாம். வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையும் குழப்பத்தை அதிகமாக்கும், கடையில் வாங்கும் முன் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வயதானவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில வாரம் கழித்துக்கூட வெளிப்படலாம். தேறிக்கொண்டு வந்தவர் திடீரென்று அதிகம் தூங்கினால், தலைவலி கூடினால், வாந்தி எடுத்தால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், 'அடிபட்டதிலிருந்து இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர எண் 999-க்கு அழையுங்கள்.