வெளிநாட்டுக்காரங்களோட மீட்டிங்கா? டைம் கணக்குல பல்பு வாங்காதீங்க

டைம் ஜோன்னா ஒரு மணி, அரை மணி கணக்குலதான் மாறும்னு நெனைக்கறதுதான் முதல் தப்பு. நானே பட்டிருக்கேன். நேபாளத்துல ஒருத்தர் "எங்க டைம் பத்து மணிக்குப் பேசலாம்"னாரு, பக்கத்து நாடுதானே, என்ன பெருசா மாறிடப் போகுதுன்னு நம்ம பத்து மணிக்கு கரெக்டா உள்ள போனா மனுஷன் கால் மணி நேரமா தனியா உக்காந்திருக்காரு. உலகமே கடிகாரத்துக்கு அடிப்படையா வச்சிருக்கற பொது நேரம் யூடிசி (UTC), நாம அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி, அவங்க அஞ்சே முக்கால்!

அடுத்தது, வெறும் "ஐஎஸ்டி 4 மணி"ன்னு மெயில் போடறது. இந்தியாக்காரனுக்கு அது இந்திய நேரம், அயர்லாந்துக்காரனுக்கு அயர்லாந்து நேரம், இஸ்ரேல்காரனுக்கு இஸ்ரேல் நேரம். ஊர் பேரையும் சேர்த்து எழுதிடுங்க, இல்லன்னா யூடிசில சொல்லுங்க. அந்த யூடிசி பேருக்கே ஒரு பஞ்சாயத்து இருக்கு. இங்கிலீஷ் வரிசைப்படி சியூடின்னு வரணும், பிரெஞ்சுல டியூசின்னு வரணும், கடைசில ரெண்டு பேருக்கும் இல்லாம நடுவுல ஒண்ணு வச்சாங்க!

பிரான்ஸ் வீம்பு அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சது. 1884ல வாஷிங்டன்ல 25 நாடு கூடி லண்டன் பக்கத்துல இருக்கற கிரீன்விச் வழியா போற கோடுதான் பூஜ்ய தீர்க்கரேகைன்னு ஓட்டுப் போட்டப்போ 22 நாடு சரின்னுச்சு, பிரான்ஸ் ஓட்டே போடல. 1911ல வேற வழியில்லாம கிரீன்விச் நேரத்துக்கு மாறினாங்க, ஆனா சட்டத்துல கிரீன்விச்னு ஒரு வார்த்தை கிடையாது, "பாரிஸ் சராசரி நேரம், 9 நிமிஷம் 21 விநாடி பின்தள்ளியது"ன்னு எழுதி வச்சாங்க. கணக்கு போட்டா அது கிரீன்விச்தான். விழுந்தாலும் மீசையில மண் ஒட்டல கேஸு.

மேப்ல தூரத்தைப் பார்த்து நேரத்தைக் குத்துமதிப்பா சொல்லாதீங்க. சீனா அவ்வளவு அகலம், மொத்த நாட்டுக்கும் பெய்ஜிங் டைம் ஒண்ணுதான். மேற்கு ஓரத்துல காஷ்கர்ல உய்குர் மக்கள் நிறைய பேர் தங்களுக்குள்ள ரெண்டு மணி நேரம் பின்னாடி வச்சுப் பேசுவாங்க, அதனால மூணு மணின்னா எந்த மூணுன்னு கேட்டுக்கங்க.

போன வருஷ டைமே இந்த வருஷமும் இருக்கும்னு நம்பறது இன்னொண்ணு. இலங்கையில 1996ல கரண்ட் பஞ்சம்னு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க, அதே வருஷம் அரை மணி பின்னாடி இழுத்தாங்க, 2006ல பழைய இடத்துக்கே வந்துட்டாங்க. இடையில புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதியில பழைய நேரமேதான், ஒரே தீவுக்குள்ள சோதனைச்சாவடி தாண்டினா அரை மணி மாறிடும்.

கடைசியா, மணியை மட்டும் பார்த்துட்டு தேதியை மறந்துடறது. பசிபிக் கடல்ல ஹவாய்லயும், கிரிபாட்டிங்கற தீவு நாட்டோட லைன் தீவுகள்லயும் கடிகாரம் ஒரே மணி காட்டும், காலண்டர் ஒரு நாள் தள்ளி நிக்கும். அதே கடல்ல இருக்கற சமோவா தீவு நாடு இன்னும் மோசம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கூட வியாபாரத்துக்கு தோதா இருக்கணும்னு 2011 டிசம்பர் 30ஐ காலண்டர்ல இருந்தே தூக்கிட்டாங்க. வியாழன் ராத்திரி படுத்தவன் எழுந்தா சனிக்கிழமை. அந்த வராத வெள்ளிக்கிழமைக்கும் சம்பளம் உண்டுன்னு அரசாங்கம் சொன்னதுதான் அதுல ஹைலைட்டு.