வாய்க்கால் மேட்டுத் துத்தியை வீட்டில் வளர்ப்பது எப்படி

ஹாலிஹாக் என்கிற பூச்செடியின் விதை வாங்கிப் போட்டு, சித்திரை வெயிலில் அது கருகிப்போனதைப் பார்த்து நொந்தவன் நான். அது குளிர் கேட்கிற செடி. அதற்கு உறவான செடி ஒன்று நம் தஞ்சை, கும்பகோணம் பக்கம் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஆளுயரம் நிற்கிறது: துத்தி. செம்பருத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாம் இதே குடும்பம்தான்.

வளர்க்கும் முன் அது எங்கே நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். வயலுக்குள் இறங்க வேண்டாம், அந்த ஈரத்தில் துத்திக்கு வேலை இல்லை. வாய்க்கால் தூர் வாரிக் கொட்டிய மேடு, இடிந்த செங்கல் சுவர், ரோட்டோரத் தரிசு, இப்படி வெயில் அடிக்கிற, தண்ணீர் தேங்காத இடமாகத் தேடுங்கள். இலை இதய வடிவில், ஓரம் ரம்பம்போல இருக்கும், தடவினால் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும். பூ மஞ்சள், காலையில் போனால் மூடியிருக்கும், சாயங்காலம் போங்கள். காய்தான் சரியான அடையாளம்: ஏறக்குறைய 20 பிரிவுகள் வட்டமாக அடுக்கியது போல இருக்கும், அதனால்தான் பணியாரத் துத்தி என்ற பேர். சின்ன வயதில் அதை மையில் தொட்டு நோட்டில் முத்திரை குத்தி அடி வாங்கியிருக்கிறேன். பூ ரோஸ் நிறமாக இருந்து, காய் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது ஒட்டுத்துத்தி, வேறு செடி.

கறுத்துக் காய்ந்த காயை உதிர்த்தால் விதை கொட்டும். தோல் கல்லுமாதிரி, அப்படியே போட்டால் பல விதை முளைக்காமல் கிடக்கும். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். அப்புறம் ஆவணி, புரட்டாசியில், ஐப்பசி அடைமழைக்கு முன்னால், நிற்கப்போகிற இடத்திலேயே நேராக ஊன்றுங்கள். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் சுணங்கும். நம் களிமண்ணில் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் மணலும் செங்கல் உடைசலும் கலந்து மேடு கட்டுவது முக்கியம். எரு போட்டுச் செல்லம் கொடுத்தால் இலைதான் தழைக்கும்.

வெண்டைப் பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், மாவுப்பூச்சி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும்.

கொழுந்தைப் பாசிப்பருப்பு, சின்ன வெங்காயத்தோடு கூட்டு வைக்கலாம், மூலத்துக்குச் சித்த வைத்தியத்தில் சொல்கிற கீரை இது. களைக்கொல்லி அடித்த வரப்பில் பறித்ததைச் சமைக்காதீர்கள். நாலைந்து காயைச் செடியிலேயே முற்ற விடுங்கள், அடுத்த வருஷத்துக்கு விதை தேடி வாய்க்கால் மேட்டுக்குப் போக வேண்டியிருக்காது.