கூகுள் டாக்ஸில் எழுதியதை அப்படியே இணையப் பக்கமாக்குவது எப்படி?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், இணையதளத்தில் ஒரு தொலைபேசி எண்ணை மாற்றக்கூட இரண்டு நாள் ஆகும். எழுதுபவர் கூகுள் டாக்ஸில் திருத்தி மின்னஞ்சலில் அனுப்புவார். இன்னொருவர் அதை காப்பி செய்து, சிஎம்எஸ்ஸில், அதாவது தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளில், ஏழெட்டுப் பெட்டிகளைத் திறந்து ஒட்டுவார். ஒட்டும்போது பத்தி உடையும், பட்டியல் கலையும், மறுபடி மின்னஞ்சல் பறக்கும்.

எப்படியும் டாக்ஸில்தான் எழுதுகிறோம், அந்த ஆவணமே பக்கமாகிவிட்டால் நடுவில் இத்தனை கை எதற்கு? அடோபியின் எட்ஜ் டெலிவரி சர்வீசஸ் இதைத்தான் செய்கிறது. ஆரம்பத்தில் ஹீலிக்ஸ் என்றும் பிறகு ஃபிராங்க்ளின் என்றும் அழைக்கப்பட்டது இதுவே. கூகுள் டாக்ஸ், வேர்ட் இரண்டிலும் எழுதலாம். இங்கே டாக்ஸை வைத்துச் சொல்கிறேன்.

ஒருமுறை மட்டும் செய்யும் வேலை

இதை டெவலப்பர் நண்பரிடம் விட்டுவிடுங்கள். நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் அடோபி வைத்திருக்கும் பாய்லர்பிளேட்டை (தயார்நிலை அடிப்படை நிரல்) எடுத்து உங்களுக்கென ஒரு ரெப்போ (நிரல் களஞ்சியம்) உருவாக்கி, கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரை அதோடு இணைத்துக் கொடுப்பார். நீங்கள் செய்ய வேண்டியது, குரோமில் சைட்கிக் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொள்வது மட்டும்.

ஆவணத்தைத் தொடங்குங்கள்

அந்த ஃபோல்டருக்குள் புதிய டாக் ஒன்றைத் திறங்கள். அதன் பெயர்தான் பக்கத்தின் முகவரி ஆகும். ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், நடுவில் சிறு கோடு, இவ்வளவுதான் முகவரியில் நிற்கும். தமிழில் பெயர் வைத்தால் அந்த எழுத்துகள் முகவரிக்கு வராது. அதனால் மாடித் தோட்டம் பற்றிய பக்கம் என்றால், ஆவணத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, உள்ளே தலைப்பைத் தமிழில் எழுதுங்கள்.

தலைப்புக்கு ஹெடிங் 1, உள்தலைப்புக்கு ஹெடிங் 2 என்று ஸ்டைல் பட்டியலில் இருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி போல்டு செய்தால் கண்ணுக்குத் தலைப்பு போலத் தெரியும், ஆனால் பக்கத்தில் அது சாதாரணப் பத்திதான். புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. எழுத்துரு, நிறம் எதையும் ஆவணத்தில் தொடாதீர்கள். பக்கத்தின் அழகு முழுக்க டெவலப்பர் எழுதும் நிரலில் இருக்கிறது, உங்கள் கையில் இருப்பது அமைப்பு மட்டுமே.

அட்டவணைதான் பிளாக்

பக்கத்தில் தனி வடிவத்தோடு வரும் ஒரு துண்டுதான் பிளாக். படம் இடப்பக்கம், எழுத்து வலப்பக்கம் வர வேண்டுமா? இரண்டு கட்டம் அகலத்துக்கு இரண்டு வரிசை அட்டவணை ஒன்றைப் போடுங்கள். முதல் வரிசையின் இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கி, அதில் ஆங்கிலத்தில் காலம்ஸ் (Columns) என்று எழுதுங்கள். இரண்டாவது வரிசையில் இடப்பக்கக் கட்டத்தில் தக்காளிச் செடியின் படம், வலப்பக்கத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை உரம் வைப்பது என்ற குறிப்பு. அவ்வளவுதான். முதல் வரிசையில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் எந்த வடிவம் என்று தளம் புரிந்துகொள்கிறது. ஹீரோ (பக்கத்தின் மேலே வரும் பெரிய முகப்பு), கார்ட்ஸ் (சிறு அட்டைகளின் வரிசை) போன்றவையும் இப்படியே. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் வடிவம் வராது, பொறுமையாகத் தட்டுங்கள்.

ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் இடத்தில், தனி வரியில் மூன்று சிறு கோடு (---) போடுங்கள். ஆவணத்தின் கடைசியில் மெட்டாடேட்டா (Metadata, பக்கத்தைப் பற்றிய விவரம்) என்று இன்னொரு அட்டவணை. தேடல் முடிவில் வர வேண்டிய தலைப்பையும் விவரத்தையும் அதில் எழுதலாம். இந்தப் பெயர்களும் ஆங்கில எழுத்தில்தான்.

பிரிவ்யூ, அப்புறம் பப்ளிஷ்

டாக் திறந்திருக்கும்போதே சைட்கிக்கில் பிரிவ்யூவை அழுத்துங்கள். முன்னோட்டப் பக்கம் தனித் தாவலில் வரும். கைபேசி அகலத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தால் பப்ளிஷ். பிறகு ஆவணத்தில் எதைத் திருத்தினாலும் மறுபடி இந்த இரண்டையும் அழுத்தினால்தான் வெளியே தெரியும். பாதி எழுதிய வரி தானாக வெளியே போய்விடாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

வேகம் எங்கிருந்து வருகிறது?

பாய்லர்பிளேட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்குவதில்லை. முதல் பகுதி முதலில், மற்றவை அதன் பிறகு, கண்காணிப்பு ஸ்கிரிப்ட் போன்றவை கடைசியில் சில நொடி கழித்து. பக்கத்தில் இல்லாத பிளாக்கின் நிரல் இறங்கவே இறங்காது. ஆனால் எழுதுபவர் நினைத்தால் இந்த வேகத்தைக் கெடுத்துவிட முடியும். முதல் பகுதியிலேயே நான்கைந்து படமும் ஒரு வீடியோவும் திணித்தால், வாசகர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு தலைப்பு, இரண்டு வரி, ஒரு படம், உடனே மூன்று கோடு. முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுள் கருவியில் முகவரியைக் கொடுத்து நீங்களே சோதிக்கலாம்.

பக்கங்கள் பெருகும்போது

மேலே வரும் மெனு ஓர் ஆவணம், அடியில் வரும் ஃபுட்டர் இன்னோர் ஆவணம். ஆயிரம் பக்கம் இருந்தாலும் மெனுவை ஓர் இடத்தில் மாற்றினால் போதும். ஒரு பிரிவின் பக்கங்கள் அனைத்துக்கும் பொதுவான மெட்டாடேட்டாவை ஒரே ஷீட்டில் வைக்கலாம்.

பக்கத்தை எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். டிரைவில் ஆவணத்தை நீக்கிவிட்டால் பக்கமும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது அங்கேயேதான் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து, சைட்கிக்கில் டிலீட் கொடுத்து, முகவரியை மறுபடி தட்டிப் பார்த்து 404, அதாவது பக்கம் இல்லை என்ற பிழை, வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.