மாத்திரை, ஊசி, பவுடர்: ராமநாதபுரம் கரையோரத்தில் சிகிச்சைக்கு வழி

டேபென்டாடால், ட்ராமடால் மாதிரியான வலி மாத்திரை, அதையே கரைத்து ஏற்றும் ஊசி, ஹெராயின் பவுடர். இவை எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பம். குடிக்கான வைத்தியம் வேறு, இதற்கான வைத்தியம் வேறு. அதனால் குடிநோயாளிகளைச் சேர்க்கிற இல்லம் எதுவாக இருந்தாலும் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் 14446-க்கு போன் போடுங்கள். போதை மீட்புக்கான தேசிய கட்டணமில்லா எண் அது. மனம் உடைந்துபோன வேளையில் டெலி மனஸ் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கேட்கும்போது "மறுவாழ்வு இல்லம் எங்கே?" என்று மட்டும் கேட்காமல், "புப்ரினார்ஃபின் எங்கே கொடுக்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். ஓபியாய்டு பழக்கத்துக்குக் கொடுக்கிற சிகிச்சை மாத்திரை அது.

அடுத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையிலேயே போய், ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் மனநலப் பிரிவு என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2025-ல் அரசு தொடங்கிய 'கலங்கரை' போதை மீட்பு மையங்களில் பக்கத்தில் இருப்பது எது என்றும் அங்கேயே விசாரியுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது சாப்பிட்ட மாத்திரையின் காலி அட்டை, ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது என்ற விவரம், ஆதார் அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும், கூடவே வீட்டு ஆள் ஒருவரும் வரட்டும். ஊசி போட்டவர் என்றால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி பரிசோதனையையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

போலீஸ் பயத்தில்தான் பலர் மருத்துவமனை வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி சிகிச்சை விவரம் ரகசியம். சொந்த உபயோகத்துக்காகச் சிறிய அளவு வைத்திருந்து வழக்கில் சிக்கியவர்கூட, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் போதைப்பொருள் சட்டம் 1985-இன் 64ஏ பிரிவில் விலக்குக் கேட்கலாம். பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்.

புப்ரினார்ஃபினில் பலர் தவறுவது நேரத்தில்தான். ஹெராயின் எடுத்தவர் குறைந்தது 12 மணி நேரம் கழித்து, கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பு முறுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்த பிறகே முதல் மாத்திரையை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் வேதனை ஒரேயடியாக ஏறும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஓடிவிடுவார்கள். நாக்குக்கு அடியில் 5 முதல் 10 நிமிடம் கரையவிட வேண்டும், விழுங்கினால் பலன் மிகக் குறைவு. அளவு பிடிபடும் வரை படகேற வேண்டாம், தூக்கம் சொக்கும். இந்த மருந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஓடும். ஒரு போதைக்கு இன்னொரு போதை என்று ஊரார் பேசுவதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

தனியார் இல்லம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள். அடிப்பது, சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளையை விட வேண்டாம்.

சில வாரம் நிறுத்தியவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உயிர் போகும், உடம்பு தாங்கும் சக்தி குறைந்திருக்கும். மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் உடனே 108. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நாலாக்சோன் ஊசிதான் இதை முறிக்கும் மருந்து, அது ஆஸ்பத்திரியில் கிடைக்கும்.

விசைப்படகில் போகிறவர்களுக்குச் சிகிச்சை தொடங்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தோதானது. 61 நாளும் கரையில்தான். அதற்காகத் தை மாதத்தில் வந்தவரைச் சித்திரை வரை காக்க வைக்காதீர்கள். படகு இறங்குமுன் அடுத்த மருந்து வாங்கும் தேதியைத் தொழில் நாளோடு இடிக்காமல் மருத்துவரிடம் குறித்துக்கொள்ளுங்கள். கைக்குக் காசு வரும் முதல் வாரம், பங்குப் பணத்தை வீட்டில் அம்மாவோ மனைவியோ வாங்கிக்கொள்ளட்டும்.